எரிகிற கிரீம்

என் மருமகள் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒரு குழந்தையைத் தொடும் முன் கை கழுவ வேண்டும், தொட்ட பிறகும் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் இப்படிக் கழுவிக் கழுவி அவள் விரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. வெடிப்பில் கிருமி தங்கும் என்று தலைமை நர்ஸ் அவளை வார்டுக்குள் விடவில்லை. ஸ்டோரில் பஞ்சு அடுக்கச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் இனி அங்கேதான் வேலை.

அவளுக்கு உயிரே அந்த வார்டில்தான் இருந்தது. அதிலும் ஒரு குழந்தை, நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதிகம். 'கட்டெறும்பு' என்று பெயர் வைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

என் மகன் சும்மா இருப்பானா? விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்புகிற ஜென்மம். பூக்கடையே வீட்டுக்குள் வந்ததுபோல மணக்கும் ஒரு கிரீமை வாங்கி வந்தான். அவளும் வார்டில் பழகியபடி சொட்டு ஈரமில்லாமல் கையைத் துண்டால் அழுத்தித் துடைத்து, அதைப் பூசிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். புண்ணுக்கு ஸ்பிரிட் வைத்துப் பழகியவள் வேறெப்படிப் பேசுவாள்?

எனக்குப் பொறுக்கவில்லை. "கட்டெறும்புக்கு இதைப் பூசுவியா?" என்று கேட்டேன்.

பதறிப்போனாள். அதன் தோல் இன்னும் முழுசாக வளரவில்லை, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருப்பது உள்ளே புகுந்துவிடும், வாசனைப் பொருளைக் கிட்டேயே விடமாட்டோம், துடைக்கக்கூட மாட்டோம், ஒற்றித்தான் எடுப்போம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உன் கை மட்டும் என்ன, அடுத்த வீட்டுக்காரி கையா?"

மறுநாளே அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிட்டது, அந்த வெடிப்பில் வாசனைப் பொருள் இறங்கித்தான் எரிகிறது என்றார். மணமில்லாத களிம்பை, கையில் லேசாக ஈரம் இருக்கும்போதே பூச வேண்டுமாம். அது இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் காக்கும், அதற்குள் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். மகனின் கிரீமை அவன் கால் வெடிப்பிலேயே பூசச் சொன்னேன். ஒரே பூச்சுதான், டப்பாவை அவனே குப்பையில் போட்டான்.

மாதக் கடைசியில் தலைமை நர்ஸ் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போ என்றாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவளை, கை கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொன்னேன். வந்ததும் வராததுமாகக் குழாயடிக்குப் போகிறவள், அன்று வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே கழுவியிருப்பாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கொஞ்ச நேரம் போகட்டும் அத்தை. கட்டெறும்பு இந்த விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கிச்சு."

தட்டை எடுத்து வந்து நானே ஊட்டிவிட்டேன்.