கழிவுக் குழாயில் நல்ல தண்ணீர்

சாயப்பட்டறையின் ஆறு இயந்திரங்களில் மூன்றுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கழிவுநீர் அளவுக்கு மீறிப் போகிறதாம். பாதி ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் ரசாயனம் படித்த மச்சினியைக் கூப்பிட்டுப் பட்டறையை ஒப்படைத்தார். அவள் மெனக்கெட்டு ஒரு வழி பண்ணினாள். ஒரு துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரை வடிகட்டி, அடுத்த துணியின் முதல் அலசலுக்குத் திருப்பிவிட்டாள். தண்ணீர் பாதியாகக் குறைந்தது. குறைந்த தண்ணீரைச் சுத்தம் பண்ணவும் சுத்திகரிப்புத் தொட்டிக்கு நேரம் கிடைத்தது. அதோடு வேலையும் சீக்கிரம் முடிந்தது.

இன்று சோதனை. தேறினால் சீல் உடையும், ஆட்கள் திரும்புவார்கள். தேறாவிட்டால் மிச்ச மூன்றுக்கும் பூட்டு.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வெளிக்குழாய் மீட்டரின் முன் குனிந்தார். "என்னம்மா, பாதி தண்ணிதான் போகும்னு எழுதிக் குடுத்தீங்க. இது பழையபடியே ஓடுதே?"

அவள் வடிகட்டியைப் பார்த்தாள், ஒழுங்காக ஓடியது. பிறகுதான் பொறி தட்டியது. பாய்லர் அறைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே முதலாளி, அவள் அக்கா புருஷன், கிணற்றுத் தண்ணீர் வால்வைப் பிடித்தபடி, திருடப் போய் மாட்டிக்கொண்டவரைப் போல முழித்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"அழுக்கு கம்மியாத் தெரியட்டும்னு கொஞ்சம் நல்ல தண்ணி கலந்துவிட்டேம்மா. அதிகாரி வந்தா எப்பவும் செய்யறதுதானே."

"இப்போ எவ்வளவு தண்ணி போகுதுன்னும் பாக்குறாங்கன்னு நேத்து தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"சொன்னே. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கை தானா போயிடுச்சு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். பின்னாலேயே வந்துவிட்ட அதிகாரி, "வால்வு லீக்கா?" என்றார்.

லீக் என்று சொன்னால் மாமா தப்பிப்பார். ஆனால் பழி இவள் செய்த அமைப்பின் மேல் விழும், சோதனையும் தள்ளிப் போகும். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷமும் தேறியது கிணற்றுத் தண்ணீர்தான் என்று ஆகிவிடும். வாயைத் திறந்தாள்.

"லீக் இல்ல சார்," என்றார் மாமா. "நான்தான் தொறந்தேன். எப்பவும் தொறப்பேன். அவ செஞ்சதுல ஒரு குறையும் இல்ல."

அதிகாரி வால்வைத் தானே இறுக்கி மூடினார். குழாயில் நின்ற தண்ணீர் முழுவதும் வடியக் காத்திருந்து, மீட்டரைக் குறித்துக்கொண்டு, புதிதாக மாதிரி எடுத்துச் சோதித்தார். இரண்டும் தேறின.

"சீலை உடைச்சிடறேன். ஆனா பழைய விஷயத்துக்குத் தனியா விசாரணை வரும்," என்றார். மாமா தலையாட்டினார்.

அதிகாரி கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா இருக்கே. இதுக்குப் போய் எதுக்குங்க பயந்தீங்க?"

மாமா குடுவையையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இந்தக் குழாயில இப்படித் தண்ணி வந்து நான் பாத்ததே இல்லைங்க."