கோட்டில் விட்ட இடைவெளி

கொட்டாஞ்சேனையில் எங்கள் மருந்துக் களஞ்சியத்தில் புதிதாக ஒரு பெரிய திரை மாட்டினார்கள். இன்சுலின் வைத்திருக்கும் குளிரறையின் வெப்பநிலை அதில் கோடாக ஓடும். அதை அமைத்துக் கொடுக்கும் வேலை எங்களோடு வேலை செய்த கோமளவல்லிக்கு. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்து சேர்ந்ததும், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு திரைக்கு இவ்வளவு சிங்காரமா என்று கேலி செய்தேன்.

பார்க்கப் பார்க்க என் வாய் அடைத்துப்போனது. அளவுகோலை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நீட்டிச் சுருக்கியது; கதவைத் திறந்து மூடினாலே கோடு மலையேறி இறங்கும். அவள் அதைப் பூச்சியத்திலிருந்து பதினைந்து பாகை வரை என்று கட்டிப்போட்டாள். கோடு அடங்கியது. மருந்துக்கு ஆபத்தில்லாத பகுதிக்கு ஒரு நிறப் பட்டை போட்டாள். பெட்டி தூக்கும் ஷரீபுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்று கேட்டறிந்து, பட்டையை நீலமாகவும் எச்சரிக்கையை மஞ்சளாகவும் மாற்றினாள். அதற்குமுன் ஷரீபிடம் அங்கே யார் என்ன கேட்டார்கள்?

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. வெப்பத்தை அளக்கும் சென்சர் தகவல் அனுப்பாத நேரங்களில் கோடு அறுந்து நின்றது. விட்ட இடத்தைச் சேர்த்து வரையவும் மென்பொருளில் வழி இருந்தது.

"அதைச் சேர்த்து விடும், பிள்ளை. இடைவெளி தெரிஞ்சால்தானே கேள்வி வரும்," என்றேன்.

போர் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழன் வேறு என்ன சொல்வான்? எங்கே போனாய், எப்போது வந்தாய், நடுவில் எங்கே நின்றாய் என்று சாவடிகளில் கேட்பார்கள். இடைவெளி விடாமல் பதில் வைத்திருந்தால்தான் வீடு போய்ச் சேரலாம்.

"பொலிஸ்ல நானும் அப்படித்தாண்ணே சொல்றேன். ஆனா இது மருந்து. ஊசி போட்டுக்கிறவங்க நம்மள நம்பி இருக்காங்க," என்றாள்.

மேலாளர் ஹெக்டருக்கும் அறுந்த கோடு பிடிக்கவில்லை. வாங்க வருபவர்கள் முன்னால் இப்படித் தெரிந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அவள் குடும்பம் ஓடுகிறது என்று தெரிந்தும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு புலிகளின் விமானம் வந்து குண்டு போட்ட இரவில் நகரம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் கிழட்டு ஜெனரேட்டர் முரண்டு பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் கோட்டில் பெரிய இடைவெளி. அறுந்த இடத்திலும் மறுபடி தொடங்கிய இடத்திலும் கோடு நீலப் பட்டைக்குள்தான் இருந்தது. நடுவில் எவ்வளவு சூடேறியது என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் ஒரு வைத்தியசாலைக்காக மருந்து வாங்கும் டாக்டர் பௌஸி களஞ்சியத்தைப் பார்த்து ஒப்பந்தம் முடிவுசெய்ய வருவதாக இருந்தது.

"சேர்த்து விடு. ஒரு கிளிக்தானே," என்றார் ஹெக்டர்.

கோமளவல்லி மவுஸைத் தொடவில்லை.

டாக்டர் வந்ததும் நேரே திரைக்குத்தான் போனார். "இந்த இடத்துல என்ன நடந்திச்சு?"

"கரண்ட் போச்சு சார். சென்சரும் நின்னுருச்சு. உள்ள எவ்வளவு சூடாச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. இந்த மருந்தை யாருக்கும் குடுக்கக் கூடாது."

ஹெக்டரின் முகம் சுருங்கிவிட்டது. அவள் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி முழுக் கொழும்புக்கும் கரண்ட் இல்ல," என்றார். "காலையில இருந்து மூணு களஞ்சியம் பாத்துட்டு வாறேன். ஒரு இடத்துலயும் கோடு அறுந்திருக்கல்ல."

அவர் எழுந்து, கோடு அறுந்த இடத்தில் விரலை வைத்தார்.

"உள்ளுக்கு இருக்கிறத அழிச்சிடுங்க. எங்கட மருந்த இனி இங்கதான் வாங்குவம். ஜெனரேட்டரை மட்டும் மாத்துங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அவளோ ஹெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சென்சருக்குத் தனியா ஒரு பெட்டரியும் வேணும் சார்."

ஹெக்டர் தலையாட்டினார்.