கெமிக்கல்காரியின் கண் க்ரீம்

கூட இருந்தே குழி பறிக்கிறவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நம் கரண்டியை அவர்கள்தான் கழுவிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மூத்தவள் அந்த ரகம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுக்களையில் புழங்கும் ஓரகத்திகள் இருவரும். இளையவள் பாதாம் எண்ணெயையும் மெழுகையும் உருக்கி, சுடவைத்த பன்னீரை ஊற்றி, கண்ணுக்கடியில் பூசும் க்ரீமை அடித்தெடுக்கும்போதெல்லாம் மூத்தவள் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசுவாள். க்ரீம் ஆறுவதற்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள், அந்தக் க்ரீமைத் தன் கடையில் வைத்து விற்றுக்கொடுக்கும் பார்லர்க்காரம்மா இளையவளைக் கூப்பிட்டார்.

"உன் ஓரகத்தியும் க்ரீம் பண்றாங்களாமே. உன்னுது கெமிக்கலாம், கண்ணுக்கு ஆகாதாம். அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க. யாருதை அலமாரியில வைக்கிறதுன்னு பார்ப்போம்."

அந்த அலமாரிதான் இளையவளின் பிழைப்பு. அதுவும் போனால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். கெமிக்கலாம்! க்ரீம் ஆறிய பிறகு கடைசியாகச் சில சொட்டு ப்ரிசர்வேட்டிவ் விடுவாள்; இவளே ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்ன அதைத்தான் மூத்தவள் சொல்கிறாள். தண்ணீர் சேர்ந்த க்ரீமில் கிருமி குடியேறாமல் காப்பதே அந்தச் சொட்டுதான். கண்ணோரத்தில் பூசுவதில் அது இல்லாமல் எப்படி? மூத்தவளோ அதைச் சேர்க்காதது மட்டுமில்லை, வெள்ளரிக்காயை வேறு பிழிந்து ஊற்றி, டப்பாக்களை அடுப்புப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கூடத்திலிருந்து, "எங்க வீட்டுக் கெமிக்கல்காரி" என்று மூத்தவள் யாரிடமோ போனில் சிரிப்பது கேட்டது. வந்ததை இளையவள் விழுங்கிவிட்டாள். கெடட்டும். நன்றாகவே கெடட்டும்.

பார்லரில் மூத்தவள் மூடியைத் திறந்ததுமே இளையவளின் மூக்கில் ஏறியது, ரோஜா எசென்ஸுக்கு அடியில் ஒளிந்திருந்த புளிச்ச வாடை. பார்லர்க்காரம்மா தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். பாவம், அவர் என்ன செய்தார்? இளையவள் தடுத்தாள்.

"நீங்க இருங்கம்மா. அவங்கவங்க பண்ணினதை அவங்கவங்களே ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். கண்ணே சொல்லிடும்."

வாடை மூத்தவளுக்கும் எட்டியிருக்க வேண்டும், கை தயங்கியது. ஆனால் பின்வாங்கினால் மானம் போய்விடுமே.

"எனக்கென்ன பயம்?" என்று கண்ணைச் சுற்றித் தாராளமாகப் பூசினாள்.

"இமை மேலயும் போடுங்கக்கா" என்றாள் இளையவள், தேனொழுக. அந்தக் குரலில் இருந்த விஷம் அவளுக்கே இனித்தது.

ரெண்டே நாளில் மூத்தவளின் கண்கள் வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டன. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, பயமில்லை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். பார்லர்க்காரம்மா வந்து இருவர் கண்ணையும் பார்த்தார். மூத்தவள் பார்லரில் விட்டுவந்திருந்த டப்பாக்களைப் பையோடு திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் மூத்தவள் சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று இளையவள் கொஞ்சம் இளகிப்போனாள். அடுப்பைக்கூட அணைத்தாள்.

"கடைசியில ஏதோ சொட்டு விடுவியே, அது பேரு என்ன?" என்றாள் மூத்தவள். "டப்பா எல்லாம் அப்படியே கெடக்கு. இப்ப கலந்தா வேற எங்கயாவது தள்ளிடலாம்ல?"

இளையவளுக்கு மிச்சமிருந்த இரக்கமும் போயிற்று. தன் டப்பா ஒன்றை எடுத்து மூத்தவளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைப் பக்குவமாக மூடிவிட்டாள்.

"லேபிள்லயே போட்டிருக்கேன்க்கா. படிச்சுக்கோங்க."