ஆறாவது துணி

கொடியில் கிடந்த ஆறு துணிகளும் பெயிண்டரின் மனைவியுடைய பழைய நீலப் புடவையிலிருந்து கிழித்தவை. பழைய ரயில்களைப் புதுப்பிக்கும் பணிமனையில் பெட்டிகளின் உட்சுவருக்கு வண்ணம் பூசுவது அவர் வேலை. பெட்டிக்கு ஒரு சிவப்புப் பிடி உண்டு. ஆபத்தென்றால் அதை இழுத்து வண்டியை நிறுத்தலாம். அதன் இடுக்கில் பெயிண்ட் இறங்கி இறுகிவிடக் கூடாதென்று, ஒரு துணியைத் திணித்துவிட்டுத்தான் பிரஷைத் தொடுவார். முடிந்ததும் உருவி எண்ணுவார். ஆறு பெட்டி, ஆறு துணி. கணக்கு சரியென்றால் தாளில் கையெழுத்துப் போடுவார், பிடி இடுக்குகளுக்கு மூடி போட்டுவிடுவார்கள். நேற்று மாலை அப்படித்தான் போட்டார்.

காலையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, இரண்டை மட்டும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டு இல்ல. ஒண்ணுதான் ரெண்டா கிழிஞ்சிருக்கு. என் புடவைக் கரை எனக்குத் தெரியாதா?"

பெயிண்டர் இரண்டையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தார். கரை சேர்ந்தது. அப்படியானால் ஏதோ ஒரு பெட்டியில் துணி இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கே யார் இழுத்தாலும் பிடி வராது. ஏழே முக்காலுக்கு அந்த வண்டி முதல் ஓட்டம் போகிறது. பணிமனையில் ஒன்பது மணிக்கு முன்னால் போனை எடுக்க ஆளில்லை. விஷயம் வெளியே வந்தால் வேலை போனாலும் போகும். அவர் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்து, மனைவி செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"வேலையைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். போங்க."

நிலையத்துக்கு ஓடிப்போய், கிளம்பும் நேரத்தில் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். உள்ளே ஜனம் புது வண்டியைப் பெண் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டைக் குறைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். தொங்குகிற கைப்பிடி ஒட்டகத்துக்குத்தான் எட்டும் என்றாள் குட்டையான ஒரு பெண். அந்தப் பேச்சையெல்லாம் கேட்க அவருக்குக் காது இல்லை. மூடியை நெம்பி விரலை விட்டுப் பார்த்தார். துணி இல்லை. அடுத்ததிலும் இல்லை. நல்லவேளை, இப்போது பெட்டிகளுக்கு நடுவே கதவில்லை. கூட்டத்தில் உடம்பை நுழைத்து நுழைத்து முன்னேறினார். மூன்றாவதிலும் நான்காவதிலும் இல்லை.

அதற்குள் ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. கிளம்பும்போது, இறங்கிய ஒருத்தியின் பை வார் கதவில் சிக்கிக்கொண்டது. பிடியை இழுங்கள் என்று முன்பெட்டியிலிருந்து நாலைந்து குரல். பெயிண்டர் கண்ணை மூடினார். கடவுளே, அந்தப் பெட்டியாக இருக்கக் கூடாது. நல்லகாலம், கதவு தானாகத் திறந்து வாரை விட்டது. கண்ணைத் திறந்ததும் அவர் அடுத்த பெட்டிக்குள் நுழைந்தார்.

வண்டி கிளம்பியது. ஐந்தாவது பெட்டியில் மூடியைத் தொட்ட கையை யாரோ இறுகப் பிடித்தார்கள். கார்டு.

"ஓடுற வண்டியில பிடிகிட்ட என்னய்யா வேலை?"

நம்ம வேலையைச் சும்மா பார்க்க வந்தேன் சார் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். பொய்யை விழுங்கிவிட்டு, புடவைக் கரைவரை எல்லாவற்றையும் சொன்னார்.

கார்டு வாக்கி-டாக்கியை எடுத்தார். அடுத்த நிலையத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்படி டிரைவருக்குச் சொன்னார். நின்றதும் தானே பிடியை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவேயில்லை. 

துணி உள்ளே ஆழத்தில் இருந்தது. பெயிண்டருக்கு உயரம் போதவில்லை. சுவரின் வெளிர்பச்சையை ஆஸ்பத்திரி கலர் என்று அதுவரை நையாண்டி செய்துகொண்டிருந்த பருத்த மனிதர் எழுந்து இடம்விட்டார்.

"ஏறுங்கண்ணே. புது சீட்டு, செருப்பைக் கழட்டிட்டு."

ஏறும்போது அவரே இடுப்பைத் தாங்கிக்கொண்டார். நீலத் துணி பெயிண்டில் விறைத்துப்போய் வெளியே வந்தது. கார்டு மறுபடி இழுத்தார். பிடி சட்டென்று இறங்கி, பிரேக் பெருமூச்சு விட்டது. யாரோ ஒருத்தி கும்பிட்டாள்.

கார்டு நோட்டை எடுத்தார். "நான் எழுதியாகணும்."

"எழுதுங்க சார். நானும் இப்பவே பணிமனைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

எழுதியதைக் கார்டு அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்தார். ஐந்தாவது பெட்டியில் பிடி வேலை செய்யவில்லை. தவறு செய்த பெயிண்டரே யாரும் அழைக்காமல் தேடி வந்து சரிசெய்தார். ஒரு சொல் பொய்யில்லை. ஆனாலும் அந்த 'யாரும் அழைக்காமல்' என்பதை எழுத வேண்டுமென்று எந்தச் சட்டமும் கார்டைக் கட்டாயப்படுத்தவில்லை.

இறங்கும்போது பருத்த மனிதர் சுவரைத் தடவிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி கலர்தான். ஆனா நல்ல ஆஸ்பத்திரி."

பணிமனையில் மேலாளர் காதில் ரத்தம் வருமளவு திட்டினார். பிறகு கார்டு அனுப்பியிருந்த குறிப்பில் அந்த 'யாரும் அழைக்காமல்' வரியை இரண்டு முறை படித்தார். ஒரு மாதம் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை என்றார். வேலை இல்லை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் மனைவி புடவையில் மிச்சமிருந்ததை எடுத்து, கிழிந்த துணிக்குப் பதிலாக ஒன்று வெட்டினாள். பிறகு ஒன்றுமுதல் ஆறுவரை எண்களை வெள்ளை நூலில் தைத்தாள், ஒவ்வொரு துணியிலும் இரண்டு ஓரத்திலும். கிழிந்தாலும் ஒன்று ஒன்றாகவே இருக்குமாம்.