உடனே வந்த ‘சரி’

அந்த அம்மா வீட்டுக்கு அறுபது லட்சம் சொன்னார்கள். நான் நாற்பது கேட்டேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்கள்.

இருபத்தாறு வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நாற்பது என்பது விலையே அல்ல, பேச்சைத் தொடங்க விரிக்கும் துண்டு. அவர்கள் முகம் சுளிக்க வேண்டும், “கட்டுப்படியாகாது” என்று சொல்ல வேண்டும், நான் எழுந்து வாசல்வரை போக வேண்டும், அவர்கள் கூப்பிட வேண்டும். எல்லாம் முடிந்து ஐம்பதில் கைகுலுக்கலாம் என்று வந்திருந்தேன். கேட்டதும் தூக்கிக் கொடுக்கிற சரக்கில் எங்கேயோ கிழிசல் இருக்கும்.

கிழிசலைத் தேடினேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. சுவரைத் தட்டினேன், கெட்டியாகத்தான் இருந்தது. ஜன்னல் திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்தாள்.

“வீட்டை விட்டுட்டுத் திரைய எதுக்குத் தேய்க்கிறீங்க?”

கூட வந்திருந்த தரகரிடம் மெதுவாகக் கேட்டேன். “பத்திரமெல்லாம்?”

“வக்கீல் பாத்தாச்சுண்ணே. ஒரு வில்லங்கமும் இல்ல.”

“அதான் பயமா இருக்கு.”

என் முட்டி தேய்ந்துவிட்டது. இனி நின்று விற்க முடியாது. இந்த வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் சேமிப்பு மொத்தமும் இதற்குள் போய்விடும். தப்பாகிப் போனால் மறுபடி போய் நிற்பதற்கு எனக்கு வேறு முட்டி கிடையாது.

அந்த அம்மா தண்ணீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தம்ளரைக்கூட முத்திரை குத்துவதுபோல ஓசையோடு வைத்தார்கள்.

“ஏம்மா, நாப்பதுக்கு எப்படி ஒத்துக்கிட்டீங்க?”

“அதுல ஒரு விஷயம் இருக்கு.”

வந்தது கிழிசல். எனக்கு மூச்சே அப்போதுதான் சீரானது.

“மகனுக்குப் பணம் அவசரம். ஆனா எனக்கு இந்த ஜன்னல விட்டுப் போக மனசில்ல. நீங்க வாங்கிக்கங்க, நான் இங்கயே வாடகைக்கு இருந்துக்கறேன். வாடகை எவ்வளவு சொல்றீங்க?”

இது கிழிசலா, ஓரத் தையலா என்று எனக்குப் பிடிபடவில்லை. குடிவைக்க ஆள் தேட வேண்டாம், நல்லதுதான். ஆனால் சொந்த வீடாக இருந்தவரிடம் எப்படி வாடகை கேட்பது? எப்படி ஏற்றுவது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

“மாசம் இருபதாயிரம்.”

“எட்டு.”

“கட்டுப்படியாகாதும்மா.”

அவர்கள் எழுந்தார்கள். தன் வீட்டு அலமாரியில் இருந்து தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே, தன் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க, வாங்க. ஒரே விலையா சொல்லிடறேன்.”

சொன்னது நான்தான். கடையில் தினமும் கேட்கிற குரல்.

“இப்ப யாரு வாங்கறது, யாரு விக்கறது?” என்றாள் என் வீட்டுக்காரி. தரகர் கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மா வாசற்படியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி நின்றார்கள். இன்னொரு செருப்பு கையில் இருந்தது.