நாற்பத்திரண்டு பிழைகள்

திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு தையற்கடைக்கு மேல் மூன்று கணினிகளோடு இயங்கியது 'அகிலாண்ட இணையப் பரிசோதனைக் கேந்திரம்'. அரபுப் பக்கங்கள் உலாவிகளில் வலது ஓரம் ஒட்டி ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது, 2004இல் அதற்குக் கிடைத்த ஒரே வேலை. முதலாளி ராதாகிருஷ்ணனுக்கு ஐந்து பட்டங்கள். ஐந்தும் அவரே சூட்டிக்கொண்டவை.

எழுமலையிலிருந்து வந்த பாண்டிச்செல்விக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. பத்துப் பிழையாவது பிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு பஸ். பக்கங்களோ பழுதில்லாமல் இருந்தன.

"எழுத்தெல்லாம் வலமிருந்து வருது, போன் நம்பர் மட்டும் இடமிருந்து போகுதே, கண்ணு தெரியலையா?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"அரபில நம்பரை அப்படித்தான் சார் எழுதுவாங்க. அத்தர் கடை பாய்கிட்டயே கேட்டுட்டேன்."

"இன்டர்நேஷனல் புராஜெக்ட்டுக்கு அத்தர் கடையா? பக்கத்துக்கு ஒண்ணு, நாப்பத்திரண்டு பிழை. கையெழுத்துப் போடு!"

"இல்லாத பிழைக்கு நான் போட மாட்டேன் சார்."

அவரே ஐந்து பட்டங்களோடும் போட்டார்.

துபாய் கம்பெனியிலிருந்து வரும் கீழக்கரைக்காரரை வரவேற்க மாலையும் பன்னீரும் காத்திருந்தன. தன் போன் நம்பரோடு அரபில் அச்சடித்த கார்டை ராதாகிருஷ்ணன் அவருக்கு முன்பே அனுப்பியிருந்தார். விமானம் வந்து இரண்டு மணி நேரமாகியும் போன் வரவில்லை. கடைசியில் ஆளே வந்தார், ஷேர் ஆட்டோவில், வியர்க்க வியர்க்க.

"என்னங்க இது! நீங்க அனுப்புன அரபு கார்டுல இருக்க நம்பருக்கு அடிச்சா, ஒரு அம்மா எடுத்து, 'மாட்டுக்கு வயிறு உப்பிருச்சு, எம்புட்டு நேரமா வாரேன் வாரேன்னு சொல்லுவீங்க டாக்டரு'ன்னு வையிறாங்க. நம்பரைத் திருப்பிப் போட்டது யாரு?"

முதலாளியின் விரல் பாண்டிச்செல்வியை நோக்கி நீண்டது. "இந்தப் பொண்ணு. புதுசு. இன்னைக்கே அனுப்பிடுறேன்."

பாண்டிச்செல்வி மேசையிலிருந்த இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வந்தவர் கையில் கொடுத்தாள். நாற்பத்திரண்டு தடவை 'எண் திரும்பவில்லை' என்றது ஒன்று. 'பிழை இல்லை' என்றது அவள் எழுதிய மற்றொன்று. அவர் இரண்டின் அடியிலும் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"இனிமே இந்தப் புள்ள பாத்த அறிக்கையை மட்டும் அனுப்புங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

"எல்லாம் நம்ம டிரெயினிங்தான்!" என்று வந்தவர் கழுத்தில் மாலையைப் போட்டார் ராதாகிருஷ்ணன். அந்த இடத்திலேயே பாண்டிச்செல்விக்கு வேலை ஆணையும் கணினியில் தட்டி நீட்டினார்.

பாண்டிச்செல்வி நின்றபடியே படித்தாள்.

"எனக்கு நாலு வரிக்குப் பட்டம் குடுத்திருக்கீங்க சார். 'நிரந்தரம்'ங்கிற வார்த்தை எங்க?"