துடக்கு இல்லாத தங்கச்சி

தாதி மூத்திரப் பையின் மூடியைத் திறந்து சாடிக்குள் வடித்தபோது, றூபினி கதிரையை விட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தாள். நிறையவே இருந்தது. நல்ல வெளிர் மஞ்சள். கட்டிலில் கிடந்த அண்ணனின் தலைமாட்டில் இருந்த திரைகள் ஏதேதோ எண்களைக் காட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அவள் அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை, இந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை,” என்று தாதி ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன பிறகு, இந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கலாமா என்று யோசித்தவள் போலத் திரும்பிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும். அது என்னுடையது,” என்றாள் றூபினி.

அண்ணன் கல்யாணசுந்தரத்துக்கு மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. பிளேஸ்டோவில் டாக்ஸியை ஓரமாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறான். இனி எழும்ப மாட்டான் என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் சுவாசக் குழாயை எடுக்கப் போகிறார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து மாமியார் தவமலர்.

“பிள்ளை, அங்கை முடியிறதுக்கு முதல் வெளிக்கிட்டு வாரும். ஞாயிற்றுக்கிழமை கலியாணத்தை வைச்சுக்கொண்டு பிணத்தடியில நிக்கிறதே?”

“நான் நிண்டு அனுப்பிப்போட்டு வாறன் மாமி.”

“சரி, நிண்டால் நில்லும். கட்டிக் குடுத்த பொம்பிளைக்குத் தமையன்ர துடக்கு இல்லைத்தானே. வந்து தலை தோய்ஞ்சால் காணும்.”

அதுதான் முறை. கல்யாணமாகிப் போனவளுக்குப் புருஷன் வீட்டுச் சாவுதான் தீட்டு, பிறந்த வீட்டு அண்ணன் செத்தால் ஒரு முழுக்கோடு தீர்ந்துவிடும். மாமியாருக்கு இது இப்போது மிகவும் வசதியான முறை. மகள் மேனுஷாவைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இல்லை. மூத்த மகன் றஜீவும் மருமகள் றூபினியும்தான் சோடியாக உட்கார்ந்து கொடுக்க வேண்டும்.

ஆனால் கல்யாணசுந்தரத்துக்காகத் துடக்குக் காக்க உலகத்தில் வேறு ஒருத்தரும் இல்லை. தாயும் தகப்பனும் எப்போதோ போய்விட்டார்கள். பிள்ளை கிடையாது. பெண்சாதி பிரிந்து கனடாவில் வேறு குடும்பமாகிவிட்டாள். இவளும் தலையில் தண்ணீரை வார்த்துக்கொண்டு பட்டுச்சேலை உடுத்தால், அப்படி ஒரு மனிதன் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

றூபினி அண்ணனுக்குக் கிட்னி கொடுத்தபோது அவளுடைய மகள் துஷ்யா நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சத்திரசிகிச்சை செய்தவர் வாசுதேவன் என்ற தமிழ்நாட்டு டாக்டர். அண்ணன் அப்போது ஆள் நல்ல பருமன். டயாலிசிஸ் செய்யும் கதிரையே அவனுக்குப் போதாது.

“இவர் உடம்புல பெருசா கிழிச்சா புண்ணு லேசுல ஆறாதும்மா. சின்னச் சின்னத் துளை போட்டு, ரோபோ கையை வச்சு உள்ளேயே தைச்சிடுவோம்,” என்றார் அவர். பிறகு இவளுடைய வயிற்றைப் பார்த்தார். “உங்களுக்குக் கேமராவுக்கும் கருவிக்கும் மூணு நாலு ஓட்டை. கிட்னியை வெளிய எடுக்கப் புதுசா கீறல்கூட வேண்டாம். சிசேரியன் தழும்பு இருக்குல்ல, அது வழியாவே எடுத்துடலாம்.”

துஷ்யா வந்த வாசலாலேயே கிட்னியும் வந்தது. சில நாளில் றூபினி வீட்டுக்கு வந்துவிட்டாள். கர்ப்பப்பையில் ஒரு கட்டி என்று றஜீவ் தாயிடம் சொன்னான். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும் என்று அவனுக்குப் பயம். அவள் ஒத்துக்கொண்டாள், அண்ணன் பிழைத்தால் போதுமென்றிருந்தது. அடுத்த மாதமே மாமியாரின் ஆட்டுக்கல்லைத் தூக்கச் சொன்னார்கள். டாக்டர் பாரம் தூக்க வேண்டாமென்று சொன்னது அவளுக்கும் றஜீவுக்கும் மட்டுமே தெரியும். றஜீவ் ஓடிவந்து தூக்கினான். பெண்சாதிதாசன் என்று அவனைத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள்.

மத்தியானம் குழாயை எடுத்தார்கள். அண்ணனின் நெஞ்சு சிறிது நேரம் தானாக எதையோ முயன்று பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. றூபினி அவன் இடுப்புப் பக்கமாக, கிட்னி வைத்த இடத்தில், கையை வைத்திருந்தாள். சூடு இன்னும் இருந்தது. “போட்டு வா அண்ணை,” என்றாள். அப்போதுதான் அழுதாள், வார்ட் முழுக்கக் கேட்க.

றஜீவ் கார் தரிப்பிடத்தில் காத்திருந்தான். காரை நெடுஞ்சாலைக்கு எடுத்தான்.

“அம்மாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதையும். கலியாணம் முடியட்டும்,” என்றான்.

“நான் மணவறையில இருக்கமாட்டன்.”

“றூபினி, விளங்காமக் கதைக்காதையும். உமக்குத் துடக்கு இல்லை.”

“வாற கிழமை அண்ணையை எரிக்கேக்க என்ர இறைச்சியும் சேர்ந்துதான் எரியப்போகுது. எனக்குத் துடக்கு இல்லையோ?”

“அது கீஹோல் ஒப்பரேஷன்தானே. நீரே சொன்னனீர், நோகக்கூட இல்லையெண்டு…”

“ஓட்டைதான் சின்னன். வெளியில எடுத்தது சின்னனில்லை.”

அவன் வைப்பரைப் போட்டான். மழையே பெய்யவில்லை. பிறகு நிறுத்தினான்.

வீட்டு வாசலில் வாழை கட்ட ஆட்கள் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பலகார எண்ணெய் வாசம் தெரு வரைக்கும் வந்தது. றூபினி பக்கத்து ஒழுங்கையால் பின்வளவுக்குப் போனாள், றஜீவ் பின்னால் வந்தான். குசினிக் கதவடியில் மாமியார் வாளியில் சுடுதண்ணீரும் மஞ்சளும் துவாயுமாக நின்றாள். இந்தக் குளிரிலும் மறக்காமல் சுடுதண்ணீர். பொல்லாத மனுஷி என்றும் சொல்லிவிட முடியாது.

“பாவம், நல்ல பொடியன். இதிலையே தோய்ஞ்சுபோட்டு உள்ளுக்கை வாரும். அரியதரம் சுடுறது அரைவாசியில கிடக்கு.”

“நான் தோயமாட்டன் மாமி.”

“தோயாமல் எப்பிடி வீட்டுக்கை வாறது? துடக்கெல்லே?”

“ஓம். துடக்குத்தான். முப்பத்தொரு நாளும் காக்கப்போறன்.”

மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் வாளியைப் பார்த்தான்.

“மாமி, எனக்குக் கட்டியொண்டும் வரேல்லை. அண்டைக்கு என்ர கிட்னியை எடுத்து அண்ணைக்கு வைச்சது. செத்துப்போன உடம்பில என்ர பாதி கிடக்கு. நான் தண்ணி வார்த்தால் அதுக்குத் தீருமோ?”

உள்ளே எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. மேனுஷா கையில் அகப்பையோடு கதவுக்குள் வந்து நின்றாள்.

“டேய், உனக்குத் தெரியுமோ?” என்று மாமியார் மகனைக் கேட்டாள்.

“தெரியும் அம்மா.”

“இவ்வளவு காலமும்?”

அவன் தலையாட்டினான். மாமியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் றூபினி நினைத்தாள். பதிலும் தயாராக இருந்தது.

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“அப்ப ஞாயிற்றுக்கிழமை ஆர் தாரை வார்க்கிறது?”

“உங்கட தம்பியும் பெண்சாதியும் ஹரோவிலதானே இருக்கினம். அவை இருக்கட்டும். சனம் கேட்டால் மருமகளுக்குத் துடக்கெண்டு சொல்லுங்கோ. ஏனெண்டு கேட்டால், ஏனெண்டும் சொல்லுங்கோ.”

“ஆர் நம்புவினம் பிள்ளை? சிசேரியன் தழும்பை விட்டால் வேறை பெரிய தழும்புகூட இல்லை.”

“நம்பாட்டிப் போகட்டும்.”

மாமியாரைத் தாண்டி அவள் குசினிக்குள் போனாள். அடுப்பில் தாச்சி எண்ணெயில் அரியதரங்கள் மிதந்துகொண்டிருந்தன. சாவு விழுந்த வீட்டில் சவம் எடுக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது, துடக்குத் தீரும்வரை சாமி விளக்கும் ஏற்றக்கூடாது. அவள் காஸைத் திருகி நிறுத்தினாள். மேனுஷா தடுக்கவில்லை. அகப்பையை வைத்துவிட்டு, தீட்டென்றும் பாராமல், அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“தொடாதை அம்மாச்சி, நீ கலியாணப் பொம்பிளை.”

“ஐ டோன்ட் கேர், அண்ணி.”

றூபினி முன்னறைக்குப் போய்ச் சோபாவில் இருக்காமல் தரையில் இருந்தாள். தலை விரிந்து கிடந்தது, கட்டவில்லை. றஜீவ் வெளியே போய் வாழை கட்டும் ஆட்களிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னான். கம்பி இறுக்கும் சத்தம் நின்றது.

அடுப்பை இனி மாமியார் வந்து பற்ற வைப்பாள், மறுபடி நிறுத்த வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. குசினியில் ஒரு சத்தமும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரம் மாமியார் வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாமி அலுமாரியின் முன்னால் தீப்பெட்டியோடு நின்றாள். ஒரு குச்சியை எடுத்தாள். தரையில் இருந்தவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குச்சியைப் பெட்டிக்குள் போட்டு, அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.